அக்கரை நேரத்தில் இரண்டு நிமிடம்

தெருவிளக்குக் கம்பத்திலிருந்து விழுந்து இடது கால் குட்டையானபின் பேரூராட்சியில் எனக்கு உட்காருகிற வேலை கொடுத்தார்கள். டி.வி. பார்க்கிற வேலை. ஊரில் எல்லோருக்கும் சிரிப்பு.

"ஏலே, இன்னைக்கு என்ன படம்? சண்டை உண்டா?" என்று டீக்கடையில் கேட்பார்கள்.

நானும் சிரித்து வைப்பேன். நாலாம் வகுப்போடு நின்றவன். கையெழுத்துப் போடுவேன், மணி பார்ப்பேன், பஸ் போர்டு வாசிப்பேன். அந்த வேலைக்கு அவ்வளவு போதும்.

அது தொண்ணூறுகளின் பின்பாதி. தேர்தல் முடிந்து இரண்டு ஊருக்கும் புதுத் தலைவர்கள் வந்திருந்தார்கள். தாமிரபரணிக்கு இந்தப் பக்கம் எங்கள் பேரூராட்சி, அந்தப் பக்கம் இன்னொன்று. நடுவில் பாலம். பாலத்தின் இரண்டு முனையிலும் ஆளுக்கொரு பஸ் ஸ்டாண்டு. திருநெல்வேலி வண்டிகள் இரண்டிலும் நிற்கும். இரண்டிலும் பை அடிக்கிறவர்கள் இருந்தார்கள்.

எங்கள் ஊர்க்காரர் ஒருவர் பம்பாயில் கடை வைத்துப் பெரிய ஆளானவர். பெண் எடுத்தது அக்கரையில். ஊருக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று கேமரா வாங்கிக்கொண்டு வந்தார். மாமனார் ஊரை விட்டுவிட்டுச் செய்ய முடியுமா. இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று இரண்டு கேமரா. ஆனால் டி.வி. பெட்டி ஒன்றுதான், படம் பதிகிற வீடியோ டெக்கும் ஒன்றுதான். இரண்டு பேரூராட்சியும் சேர்ந்து நடத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு ரயில் ஏறிவிட்டார்.

கேபிள் டி.வி. நடத்துகிறவர் பாலத்துக் கைப்பிடிச் சுவரோடு வயரைக் கட்டி அக்கரைக் கேமராவை இங்கே கொண்டுவந்து சேர்த்தார். பெட்டியை எங்கள் பஸ் ஸ்டாண்டு மாடியில் ஒரு அறையில் வைத்தார்கள். அதற்கே அக்கரைக்காரர்களுக்கு வருத்தம். ஆற்றின் நடுவில் வைக்க முடியாதே.

பெட்டியில் ஒரு நேரம் ஒரு கரைதான் தெரியும். பக்கத்தில் ஒரு குமிழ். இப்படித் திருப்பினால் எங்கள் பஸ் ஸ்டாண்டு, அப்படித் திருப்பினால் அக்கரை பஸ் ஸ்டாண்டு. எது தெரிகிறதோ அதுதான் டெக்கில் பதியும். எந்தக் கரை எப்போது என்று முடிவு செய்ய இரண்டு ஊர் உறுப்பினர்களும் சேர்ந்து கூட்டம் போட்டார்கள். அரை நாள் பேசினார்கள். கடைசியில் மணிக்கு மணி என்று ஆயிற்று. ஒற்றைப்படை மணி அக்கரைக்கு. இரட்டைப்படை மணி எங்களுக்கு. ஏழு அடித்தால் அக்கரை, எட்டு அடித்தால் இக்கரை. இப்படியே சாயங்காலம் வரை.

எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் கிளார்க்கிடம் கேட்டேன். "திருடனுக்கு இந்த மணிக்கணக்கு தெரிஞ்சுட்டுன்னா?"

"திருடனுக்குத் தீர்மான நகல் அனுப்பப் போறது இல்லவே. நீரு குமிழைத் திருப்பும்" என்றார்.

திருப்பினேன். ஒவ்வொரு தடவை திருப்பும்போதும் ஒரு நோட்டில் மணியை எழுதி, எந்தக் கரை என்று எழுதி, கையெழுத்துப் போடவேண்டும். அந்த நோட்டுதான் இரண்டு ஊருக்கும் வேதம்.

அக்கரையில் உரக்கடை வைத்திருந்த உறுப்பினர் ஒருவர் உண்டு. வாரத்தில் மூன்று நாள் சைக்கிளில் பாலம் தாண்டி வருவார். மாடி ஏறி என் முதுகுக்குப் பின்னால் நின்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.

"மணி ஒம்பதாயிட்டு. இன்னும் உங்க ஊரு மாடு தெரியுதே?"

"சுவர்க் கடிகாரத்துல ஒரு நிமிசம் கெடக்கு அண்ணாச்சி."

"உங்க சுவரு, உங்க கடிகாரம். எங்க நேரத்தை நீங்க திங்கப் பாக்கீய. திருப்பும்வே."

திருப்புவேன். அவர் ஊர் பஸ் ஸ்டாண்டில் அவர் ஊர் மாடு நிற்கும். அவர் முகம் தெளியும். சைக்கிளை எடுத்துக்கொண்டு போவார்.

என் மனைவி பீடி சுற்றுகிறவள். ஒரு மணிக்கு மேல் பீடிக்கட்டுகளை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் அடுத்த ஊர்ப் பீடிக்கடைக்குப் போவாள். கொடுத்துவிட்டு, மறுநாளுக்கு இலையும் தூளும் வாங்கிக்கொண்டு மூன்று இருபது வண்டியில் வந்து இறங்குவாள். அவளுக்கு வலிப்பு உண்டு. கலியாணத்துக்கு முன்னாலேயே உண்டு. என்னிடம் சொல்லித்தான் கட்டிவைத்தார்கள். மாதத்தில் ஒன்று, சில மாதம் இரண்டு. எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

நான் அந்த வேலைக்கு வந்த புதிதில் ஒரு நாள் பஸ்ஸை விட்டு இறங்கி நாலு எட்டு வைத்து விழுந்தாள். அக்கரை நேரம். எனக்குத் தெரியாது. ஆள் வந்து சொல்லி நான் இறங்கிப் போகும்போது ஒரு மீன்காரம்மா அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்திருந்தார். கையில் தன் வீட்டுச் சாவியைத் திணித்திருந்தார். வெயில் படாமல் தன் மீன்பெட்டியை அவள் தலைமாட்டில் நிறுத்தி மறைத்திருந்தார்.

"பதறாதீரும் தம்பி. பைய. இப்ப தெளிஞ்சிரும். எங்க அத்தைக்கும் இது உண்டு" என்றார்.

சுற்றி முப்பது பேர் நின்றார்கள். தொட்டது அந்தம்மா மட்டும்தான்.

அவர் கடற்கரையில் உவரிக்காரர். காலையில் பெட்டியோடு வந்து தெருத்தெருவாக விற்றுவிட்டு மூன்று மணிக்கு வெறும் பெட்டியோடு பஸ் ஸ்டாண்டு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். மீன் வாடை என்று கண்டக்டர்கள் ஏற்ற மாட்டார்கள். ஏற்றுகிற கண்டக்டர் ஒருவர் உண்டு. அவர் வண்டி நாலு மணிக்குத்தான் வரும். அதுவரை உட்கார்ந்திருக்க வேண்டும். அன்றிலிருந்து என் மனைவிக்கு அவர் அக்கா ஆனார். இவள் ஒரு செம்புத் தண்ணீர் கொடுப்பாள். அவர் இலையில் மடித்து நாலு சாளை மீன் வைத்திருப்பார். வேறு பெரிய பேச்சு ஒன்றும் இருக்காது.

அதற்குப் பிறகு நான் தினமும் மூன்று இருபதுக்குக் குமிழைத் திருப்ப ஆரம்பித்தேன். அக்கரை நேரம்தான். இரண்டு நிமிடம். பஸ் வரும், அவள் இறங்குவாள், ரோட்டைத் தாண்டுவாள். அந்தப் பக்கம் போய்விட்டாள் என்று தெரிந்ததும் அக்கரைக்குத் திருப்பிவிடுவேன். நோட்டில் எழுத மாட்டேன்.

உரக்கடை உறுப்பினர் ஒரு தடவை கேசட்டை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்த் தன் டெக்கில் போட்டுப் பார்த்துவிட்டார். ஒரு மனுஷன் மூன்று மணி நேரம் உட்கார்ந்து பஸ் ஸ்டாண்டைப் பார்ப்பான் என்று நான் நினைக்கவில்லை. பார்த்திருக்கிறார். தன் ஊர் நேரத்தில் எங்கள் ஊர் பஸ் வருகிறது.

எங்கள் தலைவர் என்னைக் கூப்பிட்டார்.

"இந்த ஒரு காரியத்துலதான் ரெண்டு ஊரும் ஒத்துமையா இருக்கு. சுடுகாட்டுப் பாதையில சண்டை, குளத்து மீன்பாசி ஏலத்துல சண்டை, குப்பை கொட்டுறதுல சண்டை. இதுல மட்டும்தான் சண்டை இல்ல. அதை நீரு கெடுத்துராதீரும். இன்னொரு தரம் இப்படி வந்துச்சுன்னா உமக்கு வேலை இல்ல, பாத்துக்கிடும்."

மனைவிக்காகத்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லிப் பழக்கம் இல்லை. சரி என்று வந்துவிட்டேன்.

திருப்புவதை நிறுத்தவில்லை. வேறு ஒன்று செய்தேன். இரண்டு நிமிடம் பார்த்து முடித்ததும் குமிழை அக்கரைக்குத் திருப்பி, டெக்கைக் கொஞ்சம் பின்னால் ஓட்டி, அந்த இரண்டு நிமிடத்தின் மேலேயே அக்கரையைப் பதிவேன். அந்த டெக்கில் பதிகிற படத்தில் மணி விழாது. பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. ஒரு வாரத்தில் பழகிவிட்டது. ஒரு வருஷம் அப்படி ஓடிற்று.

ஆவணி மாதம். முகூர்த்த நாள். பஸ் ஸ்டாண்டில் பட்டுச்சேலையும் கூட்டமுமாக இருந்தது. மூன்று இருபதுக்குத் திருப்பினேன்.

பெஞ்சில் மீன்காரம்மா. அவர் பக்கத்தில் ஒரு துணிப்பை. பஸ் வந்தது. மூன்று பேர் இறங்கினார்கள். நாலாவது என் மனைவி. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு படி இறங்கினாள். நின்றாள். கை வெட்டி இழுத்தது. இலைக்கட்டு விழுந்தது. பிறகு அவள் விழுந்தாள். மீன்காரம்மா பெஞ்சை விட்டு எழுந்து ஓடினார். பெட்டியும் பையும் பெஞ்சில் இருந்தன. வெள்ளைச் சட்டை போட்ட ஒருத்தன் வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். உட்கார்ந்த மாதிரியே எழுந்தான். அவன் எழுந்தபோது பை பெஞ்சில் இல்லை. கூட்டத்துக்குள் போனான்.

அப்போது அது எனக்கு ஒரு சேதியாகப் படவில்லை. கண் பார்த்தது. மனசு கீழே கிடந்தவளிடம் இருந்தது.

எழுந்தேன். கதவு வரை போனேன். திரும்பி வந்தேன். குமிழை அக்கரைக்குத் திருப்பினேன். டெக்கைப் பின்னால் ஓட்டினேன். பதிகிற பொத்தானை அழுத்தினேன். அதற்குப் பிறகுதான் படி இறங்கினேன்.

பெண்டாட்டி ரோட்டில் துடிக்கிறாள். நான் டெக்கைச் சரி செய்துவிட்டு இறங்கினேன். இதை யாரிடமும் இதுவரை சொன்னதில்லை.

கீழே போனபோது அவள் தலை மீன்காரம்மா மடியில் இருந்தது. கையில் சாவி இருந்தது. வலிப்பு அடங்கிக்கொண்டிருந்தது. நான் குனிந்தேன். அப்போதுதான் பெஞ்சுப் பக்கம் கூச்சல் கேட்டது.

"பை எங்க? ஐயோ, மஞ்சப்பை எங்க?"

கலியாணத்துக்குப் போகிற புருஷனும் பெண்டாட்டியும். தங்கை மகளுக்குப் போடவேண்டிய வளையல் அந்தப் பையில் இருந்திருக்கிறது. மீன்காரம்மாவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போயிருக்கிறார்கள்.

"ஏ பொம்பளை, உன்கிட்டதான குடுத்துட்டுப் போனோம்?"

"இந்தப் பிள்ளை விழுந்துச்சு தாயி. ஓடியாந்துட்டேன்."

"விழுந்தா? யாரோ விழுந்தா நீ எதுக்கு ஓடுத? உன்னைப் பையைத்தான பாக்கச் சொன்னோம்?"

கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் மீன்பெட்டியைக் கவிழ்த்தார். செதிலும் தண்ணீரும் கொட்டின. பை இல்லை. இல்லாததும் குற்றமாகிவிட்டது.

"கை மாத்திருப்பா. ஆளு நிப்பாட்டி வச்சிருப்பா."

"மீன்காரிகிட்டயா நகைப்பையைக் குடுப்பாக? புத்தி எங்க போச்சு உங்களுக்கு?"

மீன்காரம்மா அழவில்லை. என் மனைவியின் தலையைப் பைய இறக்கி இலைக்கட்டின் மேல் வைத்தார். எழுந்து நின்றார். கம்பத்தில் இருந்த கேமராவைக் காட்டினார்.

"அந்தா இருக்குலா. அது பாத்திருக்கும். போட்டுப் பாருங்க. நான் எடுத்திருந்தா அந்தோணியாரு கேக்கட்டும்." பிறகு என்னைப் பார்த்தார். "தம்பி, நீருதான அங்கன இருக்கீரு. நீரு பாத்திருப்பீரே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அதற்குள் ஸ்டேஷனிலிருந்து ஏட்டு வந்துவிட்டார். எங்கள் கிளார்க்கும் வந்துவிட்டார்.

"என்னவே, பாத்தீரா?" என்றார் ஏட்டு.

"மூணு மணி" என்றேன். "அக்கரை நேரம்."

மாடிக்குப் போனோம். கிளார்க் நோட்டைப் புரட்டினார். மூன்று மணி, அக்கரை, என் கையெழுத்து. ஏட்டு கேசட்டைப் போடச் சொன்னார். போட்டேன். அக்கரை பஸ் ஸ்டாண்டு வந்தது. ஒரு மாடு வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. ஒரு பஸ் வந்து நின்று போனது. மறுபடி மாடு.

"நல்லாத்தான்யா இருக்கு உங்க கேமரா" என்றார் ஏட்டு. "இங்கன நகை போவுது. அது அங்கன மாடு மேய்க்குது."

மீன்காரம்மா கதவருகே நின்றிருந்தார். அவர் டி.வி. பெட்டியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"தம்பி, ஒண்ணு கேக்கேன். நீரு பாக்கலன்னா, உம்ம பொஞ்சாதி விழுந்தது உமக்கு எப்படித் தெரிஞ்சுது? ஆளு யாரும் மேல வரலியே. நீரால்லா இறங்கி வந்தீரு."

ஏட்டு என் முகத்தைப் பார்த்தார். கிளார்க்கும் பார்த்தார்.

"சத்தம் கேட்டுச்சு" என்றேன்.

மீன்காரம்மா தலையை ஆட்டினார். சரி என்று ஆட்டுகிறது வேறு, தெரிந்துகொண்டேன் என்று ஆட்டுகிறது வேறு. வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஏட்டுக்கு முன்னால் படி இறங்கிப் போனார். கீழே என் மனைவியின் கையிலிருந்த சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். அவளுக்கு நினைவு வந்திருந்தது. எழுந்து உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு மணி வண்டி வந்தது. ஏற்றுகிற கண்டக்டர் எட்டிப் பார்த்தார். மீன்காரம்மா ஸ்டேஷனுக்கு நடந்துகொண்டிருந்தார். நான் மாடிக்குப் போய்க் குமிழை இக்கரைக்குத் திருப்பி நோட்டில் கையெழுத்துப் போட்டேன்.

இருட்டுகிற நேரத்துக்கு உவரியிலிருந்து அவர் மகன் வந்து எழுதிக் கொடுத்துக் கூட்டிப்போனான். கேஸ் போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு பாளையங்கோட்டைக் கோர்ட்டுக்கு நடந்தார். மீன் எடுக்கிற நாளை விட்டுவிட்டு நடக்கவேண்டும். எங்கள் பஸ் ஸ்டாண்டில் மூன்றாம் நாளே சுவரில் எழுதிவிட்டார்கள். மீன்பெட்டியுடன் உட்காரக் கூடாது, இப்படிக்குப் பேரூராட்சி.

வீட்டில் என் மனைவி மூன்று நாள் பேசவில்லை. சோறு வைப்பாள், தண்ணீர் வைப்பாள். பீடி இலையை வெட்டிக்கொண்டே இருப்பாள். நாலாம் நாள் கத்திரியை நிறுத்தினாள்.

"சத்தம் கேட்டுச்சுன்னா சொன்னீங்க?"

நான் செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தேன்.

"நான் விழுந்தா சத்தமா வரும்? இத்தனை வருசமா பாக்கீங்க. வாயில நுரைதான் வரும்."

"பாத்தேன்" என்றேன்.

"எடுத்தவனையும் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"பின்ன?"

"வேலை போயிரும்."

மறுபடி கத்திரியை எடுத்தாள். ஒரு இலையை வெட்டினாள். தலை நிமிராமல் சொன்னாள். "அந்த அக்காவும் என்னைப் பாக்காம பையைப் பாத்திருக்கலாம்."

மறுநாள் காலையில் தலைவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். குமிழைத் திருப்பியது, வெள்ளைச் சட்டை, டெக்கைப் பின்னால் ஓட்டியது, ஒரு வருஷமாகச் செய்து வருவது. பல் தேய்த்துக்கொண்டே கேட்டார். எச்சிலைத் துப்பிவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "மூணு மணிக்கா? அக்கரை நேரத்துலயா?"

"ஆமா."

"கெடுத்தீரேவே."

ஏட்டிடம் போனேன். அவர் காகிதத்தை எடுத்தார், பேனாவைத் திறந்தார், பிறகு மூடினார்.

"அன்னைக்குப் பாக்கலன்னு சொன்னீரு. இன்னைக்குப் பாத்தேன்னு சொல்லுதீரு. ரெண்டுல எதை நான் எழுத? கேசட்டுல இருக்கா?"

"இல்ல. நானே அழிச்சிட்டேன்."

"அப்ப எதை வச்சுய்யா அவனைப் பிடிக்க? ஊருல பாதிப் பேரு வெள்ளைச் சட்டைதான் போடுதான். நானே வீட்டுல வெள்ளைச் சட்டைதான். வீட்டுக்குப் போவும்."

இரண்டு பேரூராட்சியும் சேர்ந்து அவசரக் கூட்டம் போட்டன. என்னையும் வரச் சொன்னார்கள். சுவரோரம் நின்றேன். உரக்கடை உறுப்பினர் எழுந்தார். நான் பார்த்ததிலேயே அன்றுதான் அவர் சந்தோஷமாக இருந்தார்.

"நான் சொல்லும்போது ஒருத்தரும் நம்பல. தினம் ரெண்டு நிமிசம். ஒரு வருசம். எத்தனை மணி நேரம் எங்க ஊருக்கு வரவேண்டியதை இவங்க எடுத்திருக்காங்க? அதைத் திருப்பித் தரணும்."

"ஞாயித்துக்கிழமை அவரு வேலைக்கு வாரது இல்ல. அதைக் கழியும்" என்றார் எங்கள் உறுப்பினர் ஒருவர்.

"கழிப்போம். பொங்கலையும் கழிப்போம். மிச்சம்?"

இரண்டு கிளார்க்குகளும் சேர்ந்து போட்டுப் பார்த்தார்கள். பத்து மணி நேரத்துக்கு மேல் வந்தது. ரொம்ப நேரம் பேசினார்கள். அடுத்து வருகிற பதினோரு நாள், காலை பத்து மணி அக்கரைக்கு என்று முடிவாயிற்று. கை தட்டினார்கள். டீ வந்தது.

டீ குடிக்கும்போது நான் சொன்னேன். "ஐயா, அந்த மீன்காரம்மா எடுக்கல. அதை நீங்க ரெண்டு ஊரும் சேந்து ஸ்டேஷனுக்கு எழுதிக் குடுத்தா…"

எங்கள் கிளார்க் என்னைப் பார்த்தார். "அது இன்னைக்குப் பொருள்ல இல்லவே."

என்னை வேலையை விட்டு நீக்கவில்லை. நீக்குவதானால் இரண்டு ஊரும் சேர்ந்து தீர்மானம் போடவேண்டும். அடுத்த ஆளை எந்தக் கரையிலிருந்து எடுப்பது என்று அவர்களுக்கு ஒத்துவரவில்லை. அதனால் நானே இருந்தேன். எந்த வேலை போய்விடும் என்று வாயை மூடினேனோ அது போகவே இல்லை. ஒற்றைப்படை மணியில் என் பக்கத்தில் உட்காருவதற்கு மட்டும் அக்கரையிலிருந்து ஒரு பெரியவரை அனுப்பினார்கள். குமிழை நான் தொடாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. பாதி நேரம் தூங்குவார். நான் தொடவில்லை.

கேஸ் இரண்டு வருஷம் இழுத்துச் சாட்சி இல்லை என்று முடிந்ததாகக் கேள்விப்பட்டேன். அந்த இரண்டு வருஷமும் அவர் நடந்தார்.

அவர் மீன் விற்பதை விடவில்லை. அக்கரைக்கு மாறிவிட்டார். அங்கே சுவரில் ஒன்றும் எழுதவில்லை. எங்கள் ஊரில் எழுதினார்கள் என்பதற்காகவே அவர்கள் எழுதவில்லை என்று நினைக்கிறேன். மூன்று மணிக்கு நான் குமிழைத் திருப்பினால் அவர் தெரிவார். அக்கரை பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் ஒரு கல்லில் கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தற்செயலாக உட்கார்ந்தது இல்லை. கேமரா எங்கே பார்க்கிறது என்று அவருக்குத் தெரியும்.

என் மனைவியும் மாறினாள். மூன்று இருபது வண்டியில் எங்கள் கரையில் இறங்குவதில்லை. பாலம் தாண்டி அக்கரையில் இறங்குவாள். அக்காவுக்குத் தண்ணீர் கொடுப்பாள். நாலு மணி வண்டியில் அவரை ஏற்றிவிட்டு, இலைக்கட்டோடு பாலத்தில் நடந்து வருவாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. இப்போது அவள் இறங்குவதை நான் உரிய நேரத்தில், உரிய கரையில், ஒளிக்காமல் பார்த்தேன். யாருக்கும் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

கார்த்திகை மாதம் என்று நினைவு. மழை விட்டிருந்தது. பஸ் வந்தது. இறங்கினாள். நாலு எட்டு வைத்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்குத் தெரிவதற்கு முன் எனக்குத் தெரியும். கை வெட்டி இழுத்தது.

எழுந்தேன். பாலம் நீளம். என் காலுக்குக் கால்மணி நேரம் ஆகும். போய்ச் சேரும்போது தெளிந்து எழுந்திருப்பாள். நின்றபடியே பார்த்தேன்.

மீன்காரம்மா ஓடி வந்தார். ஒருக்களித்துப் போட்டார். முந்தானையை அவிழ்த்துச் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார். தலையைப் பிடித்துக்கொண்டார். துடிப்பு அடங்கிற்று. அப்போது அந்தம்மா நிமிர்ந்து கேமராவைப் பார்த்தார். அக்கரைக்கு வந்தபின் அன்றுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் அப்படியே பார்த்தார். எட்டி மீன்பெட்டியை இழுத்தார். வெயில் இல்லை. பெட்டியை என் மனைவிக்கும் கேமராவுக்கும் நடுவில் நிறுத்தினார்.

பெரியவர் முழித்துக்கொண்டார். "என்னவே நிக்கீரு? என்ன தெரியுது?"

"மீன்பெட்டி" என்றேன்.

நாலு அடிக்கிற வரை அதுதான் தெரிந்தது. நாலு மணிக்குக் குமிழைத் திருப்பினேன். நோட்டில் இக்கரை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.